உரியவரிடம் ஒப்படைக்கும் விழா

ஒரு கட்டடத்தில் எத்தனை குடும்பங்கள் இருந்தாலும், அதில் யார் யாரோடு பேசாமல் இருந்தாலும், கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் எல்லாருக்கும் ஒரே குழாய்தான். மாடி மாடியாக இறங்கி வரும் அந்தப் பெரிய குழாய், தரைத்தளத்துக்கு அடியில் முழங்கையை மடக்கினாற்போல ஒரு திருப்பம் திரும்பித் தெருப் பக்கம் போகும். செங்குத்தாக விழுகிறவரை எல்லாப் பொருளும் ஒன்றுபோலத்தான் விழும். திருப்பத்தில்தான் ஒவ்வொன்றின் குணமும் தெரியவரும். உடம்பிலிருந்து வந்தது உடைந்து கரைந்து ஓடிவிடும். கழிப்பறைக் காகிதமும் அப்படியே. அதன் நார்கள் குட்டையானவை, தண்ணீர் பட்டதும் ஒன்றையொன்று கைவிட்டுவிடும். மற்றதெல்லாம் அங்கே சற்று நிற்கும், உட்காரும், பின்னால் வருகிறவற்றுக்கும் இடம் போட்டுவைக்கும்.

தையல்காரி குடியிருந்த கட்டடத்தில் அந்தத் திருப்பம் அடைத்துக்கொண்டது.

அவள் இரண்டாம் மாடியில் இருந்தாள். கணவன் தொலைதூர லாரி ஓட்டுகிறவன். வீட்டுக்கு வருகிற நாளைவிட வருவேன் என்று போன் பண்ணுகிற நாள் அதிகம். ஆகவே வீட்டில் அவளும், தையல் மிஷினும், மாமனாரும். மாமனார் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் வெள்ளைக் கால்சட்டையைக் கத்தி மடிப்பாகத் தேய்த்துப் போட்டுக்கொண்டுதான் பால் வாங்கப் போவார். கட்டடத்தில் பிள்ளைகள் அவரைப் பார்த்தால் படிக்கட்டில் ஓரமாக ஒதுங்கி வழிவிடுவார்கள், அவர் பின்னால் இன்னும் பல பெட்டிகள் வருவதுபோல. போன மழைக்காலத்தில் புராஸ்டேட் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் கறுப்புக் கால்சட்டைக்கு மாறியிருந்தார்.

"ஏன் மாமா, வெள்ளை என்ன பாவம் பண்ணுச்சு?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"சீக்கிரம் அழுக்காயிடுதும்மா. சோப்புக்குக் கேடு."

சோப்புச் செலவை நினைத்துப் பார்க்கிற மாமனார் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று அவள் பெருமைப்பட்டாள். அதற்குமேல் யோசிக்கவில்லை.

அடைப்பு எங்கே இருந்தாலும் அதன் பலன் கீழே இருக்கிறவருக்குத்தான். தண்ணீர் எப்போதும் மிகத் தாழ்ந்த வாயைத் தேடும். அந்தக் கட்டடத்தில் மிகத் தாழ்ந்த வாய் தரைத்தளத்து மருந்துக்கடைக்காரரின் கழிப்பறைக் கோப்பை. மேலே யார் ஃபிளஷ் பண்ணினாலும் அது அவருடைய குளியலறையில் வந்து எட்டிப் பார்த்தது. அவர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு கழிவுநீர் ஒழுங்கு வாரியத்துக்குப் போன் பண்ணினார்.

"அடைப்ப எடுக்க வண்டி எப்ப வரும்?"

"முதல்ல விழிப்புணர்வு வரும் சார். அது முடிஞ்சாத்தான் வண்டி."

"இங்க தண்ணி கணுக்காலுக்கு வந்திருச்சுங்க."

"முழங்காலுக்கு வந்தா அது வேற பிரிவு சார். அவங்க நம்பர் தரட்டுமா?"

அந்த வாரியத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குப்பையும் அதன் பொறுப்பில்தான் இருந்தது. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் குப்பையைக் கண்ணாடிபோலத் தெளிந்த பையில் போட்டு, கதவுக்குப் பக்கத்தில் வாரியம் அடித்துக்கொடுத்த கொக்கியில் காலையில் மாட்டவேண்டும் என்று அது சட்டம் போட்டிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஊரே பார்க்கும்போது மனிதன் ஒழுங்காக இருப்பான் என்பது வாரியத்தின் தத்துவம். படியிறங்குகிறவர்கள் ஒவ்வொரு மாடியிலும் நின்று அடுத்த வீட்டுப் பையைப் படித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள். எந்த வீட்டில் சோறு மிஞ்சியது, யார் தலைக்குச் சாயம் பூசுகிறார்கள், யாருக்கு மூலம், எல்லாம் தெரிந்தது.

பார்க்கக்கூடாததை மனிதன் எங்கே போடுவான்? வீட்டுக்குள் ஒரே ஒரு வாய்தான் கேள்வி கேட்காமல் விழுங்கும். சட்டம் வந்தபின் ஊரில் குப்பையின் எடை பாதியாகக் குறைந்தது. அதற்காக வாரியம் ஒரு விழா எடுத்துத் தனக்குத்தானே கேடயம் கொடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் குழாய் அடைப்புகள் பெருகியதற்காக வேறொரு பிரிவு தொடங்கப்பட்டது. இரண்டு பிரிவும் ஒரே மாடியில், எதிரெதிர் அறையில் இயங்கின. நடுவில் தண்ணீர்க் குடம் வைத்திருந்தார்கள். அங்கே வானிலை பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

விழிப்புணர்வு அதிகாரி வந்தார். கூட ஓர் உதவியாளர், ஒரு ஒலிபெருக்கி, ஒரு பெரிய அட்டைப்பெட்டி. கட்டடத்து முற்றத்தில் எல்லாரையும் நிற்கவைத்தார்கள். மருந்துக்கடைக்காரரின் வாசலில் இருந்து மெல்லக் கசிந்து வந்த தண்ணீருக்கு இந்தப் பக்கம் மக்கள், அந்தப் பக்கம் அதிகாரி.

"நண்பர்களே, கழிப்பறைக்குள்ள போக உரிமை உள்ளது மூணே மூணுதான்," என்றார் அதிகாரி. "ஒண்ணு உங்களுக்குத் தெரியும். ரெண்டாவதும் தெரியும். அதுங்க பேரச் சொல்றது வாரியத்தோட மரபு இல்ல. மூணாவது, கழிப்பறைக் காகிதம். இதத் தவிர ஒரு தலைமுடி போனாலும் அது உங்க மனசாட்சியோட போகுது."

"எங்க வீட்ல குழந்த பொம்மைக்கார் போட்டுச்சுங்க," என்றார் முதல் மாடி பேக்கரிக்காரர். "அத எடுத்துக் குடுப்பீங்களா?"

"கேள்வி நேரம் தனியா இருக்கு."

பேசி முடித்ததும், முந்தைய விழிப்புணர்வுகளில் கொடுத்ததுபோலவே, அட்டைப்பெட்டியைத் திறந்து, வந்தவர்கள் எல்லாருக்கும் கை துடைக்க ஒரு பாக்கெட் ஈர டிஷ்யூ கொடுத்தார்கள். மேலே வாரியத்தின் முத்திரை. கீழே, 'கழிப்பறையில் போடலாம்' என்று பச்சை எழுத்து. தையல்காரிக்குத் துணி தெரியும். ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தாள். கிழியவில்லை. காகிதம் என்றால் நார் குட்டை. இதில் நார் நீளம், நடுவில் பிளாஸ்டிக் இழை. இது துணி. தண்ணீரில் ஒரு மாதம் ஊறினாலும் துணியாகத்தான் இருக்கும்.

"சார், இது கரையாதே," என்றாள்.

அதிகாரி பாக்கெட்டை வாங்கிப் படித்தார். "போடலாம்னுதாம்மா போட்டிருக்கு. போகும்னு எங்கயாவது போட்டிருக்கா?"

அவள் திரும்ப வாங்கிக்கொண்டாள். தான் ஏதோ அதிகப்பிரசங்கித்தனமாகக் கேட்டுவிட்டதுபோல இருந்தது.

அடுத்தது நிற விசாரணை. எந்த வீடு குற்றம் செய்தது என்று கண்டுபிடிக்க வாரியம் கையாளும் அறிவியல் முறை அது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறத்தில் சாயம் கொடுத்தார்கள். தையல்காரி வீட்டுக்கு ஊதா. விசில் ஊதியதும் எல்லாரும் சாயத்தைக் கோப்பையில் ஊற்றி ஃபிளஷ் பண்ணவேண்டும். முற்றத்துத் தொட்டி வாயில் குனிந்து நின்று உதவியாளர் நிறத்தைக் குறித்துக்கொள்வார். ஒரே குழாயில் எல்லா நிறமும் ஒன்றாக இறங்கினால் என்ன நிறம் வரும் என்பது வண்ணப்பெட்டி வைத்திருக்கும் எந்தக் குழந்தைக்கும் தெரியும். வந்தது கறுப்பு. அதிலும் பாதி மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குள் வந்தது.

"விசாரணையின் முடிவு," என்று அதிகாரி அறிவித்தார், "எல்லா வீடும் குற்றவாளி."

அதன்பிறகுதான் வண்டி வந்தது. குழாயின் திருப்பத்தில் இருந்ததை நீளக் கம்பியால் இழுத்து எடுத்தார்கள். வண்டிக்காரர்கள் தண்ணீரைத் திறந்துவிட்டுப் போயிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். ஆனால் எடுத்த பொருள்களுக்கெல்லாம் உரியவர் கிடைக்கும்வரை குழாய்க்கு ஓட்ட அனுமதி கிடையாது என்பது விதி. ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறை மூடியிலும் வாரிய முத்திரையோடு காகிதப் பட்டை ஒட்டினார்கள். தெருமுனையில் பிளாஸ்டிக் கழிப்பறைக் கூண்டுகள் கொண்டுவந்து வைத்தார்கள். காலையில் அதன் முன்னால் வரிசை நின்றது. யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் நிற்கிற வரிசை.

மாமனார் அந்த வரிசையில் அடிக்கடி நின்றார். கறுப்புக் கால்சட்டை, கையில் ஒரு துணிப்பை. முறை வருவதற்குள் சிலசமயம் வரிசையை விட்டு விலகி வேகமாக வீட்டுக்குத் திரும்பிவிடுவார். "மறந்து வந்துட்டேன்," என்பார். எதை என்று சொல்லமாட்டார்.

உரியவரிடம் ஒப்படைக்கும் விழா முற்றத்திலேயே நடந்தது. நீளமேசை, வெள்ளை விரிப்பு. அதன்மேல் பொருள்களைக் கழுவி, காயவைத்து, அட்டை குத்தி அடுக்கியிருந்தார்கள். பேக்கரிக்காரர் வீட்டுப் பொம்மைக்கார். பல் மருத்துவர் வீட்டிலிருந்து பல்லிடுக்கு நூல், ஒரு பந்து அளவுக்கு. காது குடையும் பஞ்சுக்குச்சிகள் ஒரு கட்டு. சோப்புக்கட்டிபோல வெள்ளையாக இறுகிய கொழுப்பு. சூடாக ஊற்றும்போது எண்ணெயாகப் போய், குளிர்ந்த குழாயில் மெழுகாக ஒட்டிக்கொள்வது அது. எல்லாவற்றையும்விடப் பெரிய குவியல், பச்சை எழுத்துப் போட்ட ஈர டிஷ்யூக்கள். அந்தக் குவியலுக்கு மட்டும் அட்டை இல்லை. அதன்மேல் பூச்சாடியை வைத்திருந்தார்கள்.

பேர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவராக வந்து தங்கள் பொருளைப் பெற்றுக்கொண்டார்கள். கைதட்டல், சான்றிதழ், ஒரு புகைப்படம். பல் மருத்துவர் பல்லைக் காட்டாமல் நின்றார். பேக்கரிக்காரர் கொழுப்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "ஆறிடும்னு நெனக்கல சார். சூடாத்தான் ஊத்தினேன்," என்று மைக்கில் சொன்னார்.

கடைசியில் ஒரு தட்டு மிஞ்சியது. அதிகாரி அதைத் தூக்கிக் காட்டினார்.

தட்டில் தடிமனான வெள்ளைப் பட்டைகள். ஒவ்வொன்றும் இறுக்கமாகச் சுருட்டப்பட்டு, நடுவில் நூல் கட்டி, நுனி உள்ளே செருகப்பட்டிருந்தது. தண்ணீரில் ஊறி ஒவ்வொன்றும் ரொட்டி அளவு உப்பியிருந்தது. அதற்குள் இருக்கும் பொடி தண்ணீரைக் குடித்துக் கூழாகிக்கொண்டே போகும். ஈரத்தைப் பிடித்துவைப்பதற்கென்றே செய்த பொடி, குழாய்க்குள் போனதும் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது.

"இவ்வளவு நேர்த்தியாத் தப்பு பண்ணினவர நான் பாத்ததே இல்ல," என்றார் அதிகாரி. "ஒவ்வொண்ணும் ஒரே மாதிரி சுருட்டு, ஒரே மாதிரி முடிச்சு. யாருங்க இது?"

தையல்காரி முடிச்சைப் பார்த்தாள். நூல் ஆலிவ் பச்சை. அவளுடைய மிஷின் மேசையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்க்கொண்டிருந்த நூல்கண்டின் நிறம். சுருட்டு, பச்சைக்கொடியையும் சிவப்புக்கொடியையும் வேலை முடிந்ததும் கம்பில் சுருட்டி, நுனியைச் செருகி வைக்கிற சுருட்டு. அந்தக் கொடிகள் இன்னும் வீட்டில் மாமனார் கட்டிலுக்கு மேலே அப்படியேதான் இருந்தன.

கறுப்புக் கால்சட்டை, துணிப்பை, சோப்புச் செலவு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் முன்னால் வந்து நின்றன. பெருமைப்பட்டோமே என்று நினைத்தபோது காது மடல் சுட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மாமனார் தனக்குப் பின்னால், தூணோரம் நிற்கிறார் என்று தெரியும்.

"யாரும் ஒத்துக்கலன்னா," என்று அதிகாரி தொடர்ந்தார், "வாரியத்துக்கு வேற வழி இல்ல. இப்பவே வீடு வீடா, அறை அறையா, கட்டிலுக்கு அடியில எல்லாம் பாக்கவேண்டி வரும். கிடைச்ச எடத்துல மைக் வச்சு அறிவிப்போம்."

கூட்டத்தில் முணுமுணுப்பு. "யாருப்பா அது, சொல்லித் தொலைங்களேன், வயிறு கலக்குது," என்றது ஒரு குரல்.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தட்டின்மேல் குனிந்தார். தன் கடையில் விற்கிற சரக்கு அவருக்குத் தெரியாதா. நிமிர்ந்தார், வாயைத் திறந்தார்.

"என்னோடது," என்றாள் தையல்காரி.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"கோட்டுக்குத் தோள்ல வைக்கிற பேடு சார். அளவு தப்பா வெட்டிட்டேன். பையில போட்டா, தையலக்காவுக்கு வெட்டத் தெரியலன்னு படியில போறவங்கல்லாம் பேசுவாங்கன்னு... உள்ள போட்டுட்டேன். நூல் பாருங்க, என் நூல்தான்."

மருந்துக்கடைக்காரர் அவளைப் பார்த்தார். பிறகு தூணைப் பார்த்தார். பல நாளாக முழங்கால்வரை கால்சட்டை சுருட்டி நிற்கிற மனிதர் அவர். அவருக்குக் கோபப்பட எல்லா உரிமையும் இருந்தது.

"தோள்பட்டைப் பேடுதான்," என்றார். "பாத்தாலே தெரியுதே."

அதிகாரி முகம் மலர்ந்தது. "தையல் கழிவு! எழுதுங்க," என்று உதவியாளரிடம் சொன்னார். உதவியாளர் சான்றிதழை நிரப்பினார். பொய்யான தோள்கள் பற்றியும் உண்மையான மனிதர்கள் பற்றியும் அதிகாரி சிறிது பேசினார். கைதட்டினார்கள். தையல்காரி தட்டை வாங்கிக்கொண்டாள். கனமாக இருந்தது.

"அது தோள்பட்டைக்கு இல்ல."

சத்தமான குரல் இல்லை. ஆனால் நடைமேடையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கேட்கப் பழகிய குரல். மாமனார் தூணைவிட்டு முன்னால் வந்திருந்தார்.

"மாமா, நீங்க வீட்டுக்குப் போங்க," என்றாள் அவள்.

"இரும்மா." அவர் அதிகாரியைப் பார்த்தார். "அது எனக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் அடக்க முடியல. நான்தான் போட்டேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது."

 உதவியாளர் ஓடிவந்து மைக்கை நீட்டினார்.

"ஐயா, பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலையாம். இதுல ஒருதடவ சொல்லிடுங்க."

மாமனார் மைக்கை வாங்கினார்.  அதே வார்த்தைகளை, அதே வரிசையில், ஒன்றுகூடக் குறையாமல் திரும்பச் சொன்னார். சொல்லிவிட்டு மைக்கைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

அதிகாரி கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

"பெரியவரே, உங்க நேர்மைய வாரியம் மதிக்குது. ஆனா இந்தப் பொருளுக்கு உரியவர் ஏற்கெனவே கெடச்சாச்சு. சான்றிதழ் எழுதியாச்சு."

"கிழிச்சுட்டு வேற எழுதுங்க."

"எழுதலாம். என்ன தலைப்புல எழுதறது? சமையல் இருக்கு, தையல் இருக்கு, விளையாட்டுப் பொருள் இருக்கு, அலங்காரம் இருக்கு. நீங்க சொல்றதுக்குத் தலைப்பு இல்லீங்க." குரலைத் தாழ்த்தினார், மைக் பக்கத்தில் இருந்ததால் அதுவும் எல்லாருக்கும் கேட்டது. "அதோட, அந்த மாதிரி விஷயத்தப் பொது எடத்துல பேசறது நல்லா இருக்காது. குடும்பங்க நிக்கிற எடம் பாருங்க."

மேசைமேல் பல்லிடுக்கு நூலும் காதுக்குச்சியும் காய்ந்துகொண்டிருந்தன. மாமனார் அவற்றை ஒருமுறை பார்த்தார். பிறகு, தாமதமாக வந்த வண்டியை ஏற்றுக்கொள்வதுபோலத் தலையசைத்துவிட்டு நடந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. தலை நிமிர்ந்து ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் தங்கள் கட்டிலுக்கு அடியில் ஏதோ ஒன்று இருந்தது.

படிக்கட்டில் அவர் முன்னால் ஏறினார். அவள் தட்டோடு பின்னால்.

"எதுக்கும்மா பொய் சொன்ன?"

"நீங்க எதுக்கு மாமா உண்மையச் சொன்னீங்க?"

 வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னார்:

"உன் நூல எடுத்துட்டேன். கேட்டிருக்கணும்."

அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் கழிப்பறை மூடியில் ஒட்டிய பட்டையைக் கிழித்தார்கள். தண்ணீர் ஓடியது. தையல்காரி வீட்டுக் கதவில் வாரியம் மஞ்சள் பலகை ஒன்றை அடித்துவிட்டுப் போனது. 'இவ்வீட்டார் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.' கீழே, சின்ன எழுத்தில், 'தையல் கழிவு'. கோட்டு தைக்கக் கொடுத்திருந்த ஒருவர் வந்து, தோள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மாலை அவள் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து விதியை யோசித்தாள். பை தெளிந்ததாக இருக்கவேண்டும் என்றுதான் விதி. பைக்குள் இருக்கிற பொருள் எப்படி இருக்கவேண்டும் என்று விதியில் இல்லை. கோட்டு உள்துணி மிச்சம் இருந்தது, நல்ல கனமான கறுப்பு. மூன்று பக்கம் அடித்து, வாயில் ஒரு நாடா போட்டு, சின்னப் பை ஒன்று தைத்தாள். மாமனார் அறைக் கதவைத் தட்டவில்லை. கதவுப் பிடியில் மாட்டிவிட்டு வந்தாள்.

காலையில் அந்தப் பை வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தெளிந்த பெரிய பைக்குள் உட்கார்ந்து, கொக்கியில் தொங்கியது. நாடாவில் போட்டிருந்த முடிச்சு, தட்டில் பார்த்த அதே முடிச்சு. மாமனார் வெள்ளைக் கால்சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

படியிறங்கினவர்கள் நின்று பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் அவர்களுக்குப் பிடித்திருந்தது. மத்தியானம் பல் மருத்துவரின் மனைவி துணிக்கடைக்குப் போகிற வழியில் சும்மா எட்டிப் பார்த்ததாகச் சொன்னாள். "எங்களுக்கும் ஒண்ணு தச்சுத் தாங்கக்கா. பொண்ணு பெரியவளாயிட்டா. குப்பைய எடுத்து மாட்டவே மாட்டேங்கிறா." பேக்கரிக்காரர் இரண்டு கேட்டார். மருந்துக்கடைக்காரர் தன் கடையிலேயே வாங்கி விற்பதாகச் சொன்னார். கொஞ்ச நாளில் மாடிக்கு மாடி, தெளிந்த பைகளுக்குள் கறுப்பும் நீலமும் பழுப்புமாகப் பைகள் தொங்கின. குழாயின் திருப்பத்தில் எதுவும் நிற்காமல் ஓடியது. அடைப்பு குறைந்ததற்கு வாரியம் இரண்டாவது கேடயம் கொடுத்துக்கொண்டதாகக் கேள்வி.

பிறகு ஒரு சாயங்காலம் விழிப்புணர்வு அதிகாரி தனியாக வந்தார். ஒலிபெருக்கி இல்லை, உதவியாளர் இல்லை, சட்டையில் வாரிய வில்லை இல்லை. மாமனார் உள்ளே கால்சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரியின் ஆவிச் சத்தம் வந்தது. தையல்காரி எழுந்து நின்றாள். இன்னும் என்ன எழுதப் போகிறாரோ.

"பலகை நேரா இருக்கான்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்," என்றார்.

"இருக்குதுங்க."

"ம்."

போகவில்லை. தையல் மேசையைப் பார்த்தார், நூல்கண்டுகளைப் பார்த்தார், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தார்.

"ஒரு பை வேணும்மா. சின்னதா. கறுப்புத் துணி இருந்தா நல்லது." குரல் இன்னும் இறங்கியது. "எனக்கும் அந்த ஆபரேஷன் ஆயிருக்கு."

அவள் டேப்பை எடுத்தாள்.

உள்ளே இஸ்திரிச் சத்தம் நின்றது.

"பெரிசாவே தச்சுக் குடும்மா," என்றது மாமனாரின் குரல். "சின்னது பத்தாது."

அதிகாரி திரும்பி மஞ்சள் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பலகை நேராகத்தான் இருந்தது.